எனக்கு முன்னால் சைதாப்பேட்டைக்குப் போன வளையல் பை

போன மாதம், ஒரு திங்கட்கிழமை, சைதாப்பேட்டையில் மகளுக்கு வளைகாப்பு. மனைவி இரண்டு நாள் முன்பே போய்விட்டாள். கீரனூரில் சொல்லிவைத்த கண்ணாடி வளையல்களைக் கொண்டுபோவது மட்டும் என் பொறுப்பு. அதற்குமேல் என்னை நம்புவதில்லை.

இரவு ரயிலில் கிளம்பிக் காலையில் தாம்பரத்தில் இறங்கினேன். அங்கிருந்து மின்சார ரயில். கட்டணம் ஐந்து ரூபாய், அரை மணி நேரப் பயணம். வளையல் போடும் நேரம் ஒன்பதரை. எட்டரை மணி வண்டி செங்கல்பட்டிலிருந்தே நிரம்பி வந்தது.

எங்கள் ஊர்ப் பேருந்துகளில் ஒரு வழக்கம் உண்டு. பையை முதலில் ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்துவிட வேண்டும். பை உட்கார்ந்தால் ஆளும் உட்காரலாம். இங்கே ஜன்னலில் கம்பி. வாசலில் நின்ற பெண்ணிடம் பையை நீட்டினேன். "ஒரு எடம் போட்டு வைங்க தங்கச்சி." அவரும் வாங்கிக்கொண்டார். நான் காலைத் தூக்கியதும் உள்ளிருந்து ஒரு குரல்:

"யோவ் பெருசு, இது லேடீஸ் பெட்டி!"

பெருசு என்றதுதான் வலித்தது. ஓடி அடுத்த பெட்டியில் தொற்றினேன். அடுத்த நிலையம் சானடோரியம்; நெரிசலில் இறங்க வழியில்லை. அதற்கடுத்த குரோம்பேட்டையில் இறங்கி லேடீஸ் பெட்டி வாசலுக்கு ஓடினேன்.

"பை உள்ள கைமாறிப் போயிடுச்சுண்ணே. எங்க எறங்குறீங்க?" என்றார் அந்தப் பெண்.

"சைதாப்பேட்டைங்க! மக வளைகாப்பு!"

"ஓடிப் போய் ஏறுங்க. அங்க தரேன்."

கைப்பேசியில் மனைவி. "எங்கிட்டு இருக்கீங்க?"

"வளையல் முன்னாடி வருது. நான் பின்னாடி வாரேன்."

இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

சைதாப்பேட்டையில் அவர் பையோடு வாசலில் நின்றார். கொடுத்துவிட்டு, தணிந்த குரலில், "அண்ணே, எனக்கு ரெண்டு வளையல் தருவீங்களா? கல்யாணமாகி ஆறு வருஷமாச்சு" என்றார். வண்டி நகர்ந்தது. எண்ணிப் பிரிக்க ஏது நேரம்? கைக்கு வந்த பச்சைக் கட்டை முழுசாக அவர் கையில் திணித்தேன்.

இந்த வழியில் வருபவர்கள் மூட்டையோடு எட்டிலிருந்து பத்து மணிவரை ஏறாதீர்கள். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். பையைவிட்டுப் பிரியாதீர்கள்.

வீட்டில் மனைவி பையைப் பிரித்தாள். "பச்சையில ஒரு டஜன் கொறையுதே?"

நடந்ததைச் சொன்னேன். வசவுக்குத் தயாராக நின்றேன்.

"பச்சை மட்டுமா குடுத்தீங்க?" என்றாள். "செவப்பும் சேத்துக் குடுத்திருக்கலாம்ல?"