மார்கழிக் குளிரில் காற்றுக் குழாய்க்குள் இரண்டு நிமிடம்

தஞ்சாவூரில் இன்டோர் ஸ்கைடைவிங் போய் வந்ததைப் பற்றி எழுதச் சொல்லி நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். குளிர்காலத்தில் போகலாமா, உள்ளே எவ்வளவு குளிரும், என்ன உடுத்திக்கொண்டு போவது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். நாங்கள் போனது மார்கழியில். எழுத இவ்வளவு நாளானதற்குக் காரணம் உண்டு. அந்தப் பயணத்தை நினைத்தால் பறந்தது முதலில் நினைவுக்கு வருவதில்லை, வேறொன்று முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. பிரித்து எழுதப் பார்த்தேன், முடியவில்லை. சேர்த்தே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. விமானத்திலிருந்து குதிப்பதற்குப் பதிலாக, நான்கு ஆள் உயரக் கண்ணாடிக் குழாய்க்குள் நம்மை விட்டு, கீழிருந்து ராட்சத விசிறியால் காற்றை மேலே தள்ளுவார்கள். அந்தக் காற்றின் மேல் குப்புறப் படுத்தபடி மிதப்பதுதான் இன்டோர் ஸ்கைடைவிங். என் மகன் கார்த்தி துபாயில் இப்படியொரு இடத்தில் மூன்று வருடம் பயிற்சியாளனாக இருந்தவன். போன வருடம் அவனுடைய முதலாளி தஞ்சாவூருக்கு வெளியே ஒரு பழைய நெல் குடோனை வாடகைக்கு எடுத்து, கழற்றி மாட்டக்கூடிய இயந்திரம் ஒன்றை நான்கு மாதத்துக்கு மட்டும் நிறுத்தினார். கார்த்தியும் ஊருக்கு வந்துவிட்டான்.

வந்தவன் தன் இரண்டு மாமன்களையும் ஒரே நாளில் பறக்க அழைத்தான். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. எனக்கே முதல் நாள் இரவுதான் போனில் சொன்னான்.

என் அண்ணன் தியாகராசனும் தம்பி ராசுவும் பேசி ஆறு வருடம் ஆகிறது. எங்கள் ஊர் சுவாமிமலையைத் தாண்டி இருக்கிறது. புதிய நாலுவழிச் சாலை எங்கள் வயல் வழியாகத்தான் போகிறது என்று அளவுக்கல் நட வந்தபோது, ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளராக இருந்த அண்ணன் அதிகாரிகளோடு வந்து நின்றார். விவசாயச் சங்கத்து ஆட்களோடு ராசு இயந்திரத்துக்கு முன்னால் படுத்தான். போலீஸ் அவர்களை வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் வரை வைத்திருந்தது. அண்ணன் மண்டபத்துப் பக்கம் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அதற்கப்புறம் அண்ணன் கும்பகோணத்துக்குக் குடிபோய்விட்டார், ராசு மிச்ச நிலத்தை உழுதுகொண்டு ஊரிலேயே இருக்கிறான்.

நானும் கும்பகோணத்தில்தான் இருக்கிறேன். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அண்ணன் காரிலேயே போயிருக்கலாம். ஆனால் ராசு கடைசி நேரத்தில் வராமல் இருந்துவிடுவானோ என்ற பயத்தில் அவனோடு போவது என்று முடிவு செய்தேன். காலை 6.10 டவுன் பஸ்ஸில் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணமில்லை. எட்டு கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். சுவாமிமலையில் ராசு பைக்கோடு காத்திருந்தான்.

தஞ்சாவூருக்கு அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர். நாலுவழிச் சாலையில் போனால் இருபது நிமிடம் மிச்சம். ராசு பாபநாசம் வழியாகப் பழைய ரோட்டில்தான் ஓட்டினான். வயலெல்லாம் சம்பா கதிர் வந்து, மேலே பனி புகையாக நின்றிருந்தது. பாபநாசம் தாண்டியதும் தூறல் பிடித்தது. ராசு வண்டியை ஓரம் கட்டி, தான் போட்டிருந்த மழைக்கோட்டைக் கழற்றினான்.

"போட்டுக்கக்கா. நீ சளிப் புடிச்சா பத்து நாளைக்கு எழுந்திரிக்க மாட்டே."

"நீ என்னடா பண்ணுவே?"

"நான் தண்ணியிலயே கெடக்கிறவன். எனக்கென்ன."

அய்யம்பேட்டையில் டீ குடிக்க நின்றபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டீ பதினைந்து ரூபாய், சூடாக இருந்தது. அவன் இரண்டு குடித்தான்.

குடோனை அடைந்தபோது மணி எட்டேகால். ஒருவருக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், 2,400 ரூபாய். எங்களுக்குக் கார்த்தியின் கணக்கில் போனது. வரவேற்பறையில் நுழைந்ததும் பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கரை வேட்டி இல்லாமல், பேண்ட் போட்ட அண்ணனைப் பார்த்து எனக்கே வருடக்கணக்காகிறது. ராசு வாசலிலேயே நின்றுவிட்டான். கார்த்தி ஓடிவந்து அவன் தோளில் கையைப் போட்டு உள்ளே கூட்டிப்போனான்.

"நான் வேல செய்றத ரெண்டு மாமாவும் பாக்கணும்னு ஆசப்பட்டேன் சின்ன மாமா. வேற ஒண்ணுமில்ல."

ராசு பெஞ்சின் இன்னொரு கோடியில் போய் உட்கார்ந்தான். நான் நடுவில்.

இனி குளிரைப் பற்றி. இந்த மாதிரி இயந்திரங்களில் இரண்டு வகை உண்டு என்று கார்த்தி விளக்கினான். ஒன்று உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்பும், அதில் சூடு தங்கும். மற்றது வெளிக்காற்றை இழுத்து மேலே தள்ளும். தஞ்சாவூரில் இருந்தது இரண்டாவது வகை. வெளியே இருபது டிகிரிதான், ஊட்டி கிடையாது. ஆனால் அந்தக் காற்று மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் உடம்பில் மோதும்போது, அதுவும் துணி ஈரமாக இருந்தால், உடம்புச் சூட்டை அப்படியே வாரிக்கொண்டு போய்விடும். அவர்கள் கொடுப்பது மேலே மாட்டும் ஒற்றை உடை, ஹெல்மெட், கண்ணாடி, காதுக்குப் பஞ்சடைப்பு மட்டும். உள்ளே போடுவது நம்முடைய பொறுப்பு.

"சின்ன மாமா, ஈரச் சட்டையோட உள்ள வர முடியாது," என்றான் கார்த்தி. தன் பையிலிருந்த ஒரு பருத்தி டி-ஷர்ட்டை எடுத்துக் கொடுத்தான். "இருக்கிறது இதான். ஆனா இது மட்டும் பத்தாது."

அண்ணன் தன் பையைத் திறந்தார். கனடாவில் இருக்கும் அவர் மகள் அனுப்பிய உடைகள், உடம்போடு ஒட்டும் உள்பனியன், மெல்லிய கம்பளிச் சட்டை, கையுறை, எல்லாம் இரண்டு இரண்டு இருந்தன. ஒரு செட்டை எடுத்து என் மடியில் வைத்தார்.

"அவன்கிட்டக் குடு."

ராசு உட்கார்ந்திருந்தது என் கைக்கு எட்டும் தூரத்தில். நீட்டினேன். அவன் அதைத் தொட்டுப் பார்த்தான். பிறகு மடிப்புக் கலையாமல் பெஞ்சில் வைத்தான்.

"இருக்கட்டும்க்கா. எனக்கு ஒண்ணும் குளிரல."

அண்ணன் எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த எடை வரம்பு அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தார்.

முதலில் நான் போனேன். சுடிதாருக்குள் பனியன், மேலே முழுக்கை ஸ்வெட்டர், இரண்டு ஜோடி சாக்ஸ். தாலிச் சங்கிலியை உள்ளே விட்டு அங்கிருந்த பெண் பட்டையாகப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். குழாயின் வாசலில் கைகளை உயர்த்திச் சாய்ந்தால் போதும், காற்று தூக்கிக்கொள்கிறது. முதல் பத்து நொடி மூச்சு விடத் தெரியவில்லை. தாடையை நிமிர்த்து, இடுப்பை முன்னே தள்ளு, காலை நீட்டு என்று உள்ளே நின்ற கார்த்தி விரல்களால் சைகை காட்டினான். உடம்பில் குளிர் இல்லை. கைவிரல்கள்தான் எரிந்தன, ஊசி குத்துவதுபோல. மூக்கு ஒழுகியது. வெளியே வரும்போது சிரித்துக்கொண்டிருந்தேன், ஏன் என்று தெரியவில்லை.

அடுத்தது அண்ணன். மேடையில் அவ்வளவு பேசுகிறவர் காற்றில் தவளைபோலக் கால்களை உதறினார், கண்ணாடியில் மெல்ல இடித்தார், ஒரு சுற்று சுற்றிக் கார்த்தியின் மார்பிலேயே போய் விழுந்தார். என் பக்கத்தில் ராசுவின் தோள் குலுங்கியது. சத்தம் வராமல் சிரித்தான். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான்.

பிறகு ராசு. எனக்கு அது மறக்காது. மெல்லிய டி-ஷர்ட்டின் மேல் அந்த உடை மட்டும். சாய்ந்தான், எழும்பினான், அப்படியே நின்றான். கை கால் எதுவும் ஆடவில்லை. கார்த்தி பிடித்திருந்த கையை விட்டான், இரண்டு அடி விலகியும் நின்றான். ராசு நடுவில் தனியாக மிதந்தான். அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்து கண்ணாடிக்கு மிக அருகில் போய் நின்றார்.

"அசையாம எப்படி நிக்கிறான் பாரு," என்றார் என்னிடம். கூட்டங்களில் பேசும் குரலில்லை.

இடையில் வேறு ஆட்களும் பறந்து, இரண்டாவது சுற்றில் அண்ணனும் நானும் முடித்து வருவதற்குள், ராசு அந்த ஒற்றை உடையோடு குழாயை ஒட்டிய முன்னறையில் கால்மணி நேரம் காத்திருந்தான். கார்த்தி கேட்டதற்கு நன்றாக இருப்பதாகத் தலையாட்டியிருக்கிறான். உள்ளே போன சிறிது நேரத்தில் அவன் விரல்கள் மடங்கிப் போயின. உள்ளங்கையை விரி என்று கார்த்தி காட்டினான். அவனால் விரிக்க முடியவில்லை. தொடை பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சரிந்து, அடியில் கட்டியிருந்த கம்பி வலைமேல் இறங்கினான். கார்த்தி காற்றை நிறுத்தச் சொல்லி அவனை வெளியே கூட்டி வந்தான். நகங்கள் நீலமாக இருந்தன. தினமும் விரல் நுனிகளைப் பார்க்கும் வேலை எனக்கு, ஆனாலும் பயந்துவிட்டேன். அவன் கைகளை என் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தேன். கார்த்தி போர்வை கொண்டுவந்தான்.

சூடான டீயோடு ஒருவாறு நடுக்கம் அடங்கியது. அப்போது அண்ணன், கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

"மேலக்காட்டு வயலுக்குத் தண்ணி ஏறுச்சா?"

ராசு கோப்பையைப் பார்த்தபடி சொன்னான். "ஏறுச்சு."

"கதிரு?"

"பால் புடிச்சிருக்கு."

நான் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டேன். அண்ணன் திரும்பி, அவன் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. கட்சி ஆபீசிலிருந்து. "சொல்லுங்க" என்று எழுந்து வெளியே போனார்.

ராசு கோப்பையை வைத்துவிட்டு எழுந்தான்.

"நான் கெளம்புறேங்க்கா. மத்தியானம் எங்க முறைத் தண்ணி. நீ கார்ல வா."

"கொஞ்சம் இருடா. அண்ணன் வந்துடட்டும்."

"மழ விட்டுருச்சு," என்றான், நான் வேறெதையோ கேட்டதுபோல.

அண்ணன் திரும்பி வந்தபோது கையில் கார் சாவி இருந்தது. "பைக்க கார்த்திகிட்ட விட்டுட்டு அவனையும் கார்ல வரச் சொல்லு. ஹீட்டர் போட்டுக்கலாம்," என்று சொல்லிக்கொண்டே வந்தவர், காலியான இடத்தைப் பார்த்து நின்றார்.

உடனே கிளம்பினோம். அண்ணன் பழக்கத்தில் நாலுவழிச் சாலையில் ஏறினார். வேகமாகவே ஓட்டினார். பத்து கிலோமீட்டர் போயும் ராசுவைக் காணவில்லை.

"அவன் இந்த ரோட்ல வர மாட்டாண்ணே," என்றேன்.

"ஏன்?"

"நம்ம வயல் மேல போவுதுல்ல. போட்ட நாள்லேருந்து ஒரு தடவகூட இதுல சக்கரம் வைக்கல."

அண்ணனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. திரும்ப வழி கிடைத்த இடத்தில் இறங்கி, ஊர்களுக்குள் புகுந்து பழைய ரோட்டைப் பிடித்தோம். பாபநாசத்துக்கு முன்னால் ஒரு டீக்கடையில் அண்ணனே இறங்கிக் கேட்டார். "இப்பத்தாங்க போனாரு," என்றார் கடைக்காரர். "கிளாஸப் புடிக்க முடியாம ரெண்டு கையாலயும் புடிச்சிக் குடிச்சாரு. ஒங்காளுங்களா?"

"ஆமா," என்றார் அண்ணன். "தம்பி."

ஊர் எல்லையில் வாய்க்கால் பாலத்தில் காரை நிறுத்தினார். ராசுவின் வீட்டு வாசலில் பைக் நிற்பது அங்கிருந்தே தெரிந்தது. இஞ்சினை அணைக்கவில்லை.

"நீ போயி பாத்துட்டு வா."

"நீங்களும் வாங்கண்ணே."

ஸ்டியரிங்கில் இருந்த கையை அவர் எடுக்கவில்லை. நான் இறங்கிப் போனேன். ராசு போர்வைக்குள் இருந்தான். அவன் மனைவி மிளகு ரசம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் பாலத்துல நிக்கிறாரு. ஒரு வார்த்த கூப்புடேன்."

"இவ்ளோ தூரம் வந்தவருக்கு வாசலுக்கு வழி தெரியாதா," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னான். கண்ணை மூடிக்கொண்டான்.

அவனுக்கு ஒரு வாரம் காய்ச்சல். தை அறுவடை முடிந்து பார்க்கப் போனபோது அவனாகவே பேச்சை எடுத்தான். "அவரு எழுந்து வந்து கையில குடுத்திருந்தா வாங்கிப் போட்டிருப்பேங்க்கா. நீ குடுத்த, எப்படி வாங்குறது?" இதை அண்ணனிடம் அப்படியே சொன்னேன். "எனக்கு அப்பத் தோணல வசந்தி," என்றார். ஆறு அடி நீளம்கூட இருக்காது அந்தப் பெஞ்சு.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். முன்பதிவு செய்யும்போதே அங்கே இருப்பது எந்த வகை இயந்திரம் என்று கேட்டுவிடுங்கள். வெளிக்காற்றை இழுப்பதாக இருந்தால் வெயில் ஏறிய பிறகு, பதினொரு மணிக்கு மேல் நேரம் வாங்குங்கள். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால் உடம்போடு ஒட்டும் செயற்கை இழைப் பனியனும் அதன்மேல் மெல்லிய கம்பளியும் நல்லது. மப்ளர், துப்பட்டா, தொப்பி வைத்த ஸ்வெட்டர் எதையும் உள்ளே விடமாட்டார்கள், ஆபத்தும்கூட. விரல் ஒட்டிய மெல்லிய கையுறை, கயிறு கட்டும் ஷூ, கைக்குட்டை கட்டாயம். பைக்கில் போகிறீர்கள் என்றால் மாற்று உடை பிளாஸ்டிக் பைக்குள் இருக்கட்டும். இரண்டு முறைக்கும் நடுவில் அந்த உடையோடு சும்மா நிற்காதீர்கள், போர்வை கேளுங்கள். குளிர்கிறதா என்று பயிற்சியாளர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

தஞ்சாவூரில் இப்போது அது இல்லை. எதிர்பார்த்த கூட்டம் வராததால் மாசியிலேயே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கார்த்திக்கு ஹைதராபாத்தில் வேலை. வரும் டிசம்பரில் எல்லோரும் வர வேண்டும் என்று மறுபடி கேட்டிருக்கிறான்.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, "ஹைதராபாத்ல நம்மூரவிடக் குளிர் ஜாஸ்தியாமே," என்றார்.

"ஆமாண்ணே."

"ராசு வருவானா?"

"நீங்களே கேளுங்க. நம்பர் மாறல, அதேதான்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை.

"நீயே கேட்டுச் சொல்லு," என்றார்.