மாமன் மடியும் என் முழங்காலும்

என் வலது முழங்கால் தேய்ந்தது டவுன் பஸ்ஸில். முப்பத்திரண்டு வருடம் கண்டக்டராக நின்றே பிழைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகாவது உட்காரலாம் என்று பார்த்தால், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. பழங்காநத்தத்தில் எங்கள் வீடு மாடியில் இருக்கிறது. ஏறுவதையாவது எப்படியோ சமாளித்துவிடுவேன். இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வருவேன். கீழ்வீட்டுக்காரர் எதிரில் வந்துவிட்டால் செல்போனைக் காதில் வைத்து, பேசுவதற்காக நின்றவன் மாதிரி நிற்பேன். அவரும் தெரியாத மாதிரியே போவார். நல்ல மனிதர்.

தல்லாகுளத்தில் எலும்பு டாக்டரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனது என் மனைவி. அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிப் பேனாவால் காட்டினார். இரண்டு எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு பக்கத்தில் இல்லவே இல்லை.

“மூட்டை மாத்தத்தான் வேணும் சார். எப்பங்கிறதை நீங்கதான் சொல்லணும். வலிக்குப் பயந்து என்னென்ன செய்யிறதை விட்டுட்டீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. நிறைய விட்டிருந்தீங்கன்னா நேரம் வந்துருச்சுன்னு அர்த்தம். ரொம்பத் தள்ளிப் போட்டா, பாரம் பூராவும் தாங்குற அடுத்த காலும் கெட்டுப்போகும்.”

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். “ஆபரேஷனுக்கு அப்புறம் சம்மணம் போட்டு உட்காரலாமா?”

“தரையில உட்காரவே வேண்டாம். நாற்காலி, கட்டில், வெஸ்டர்ன் டாய்லெட். அதுதான் புது மூட்டுக்கு நல்லது.”

“அப்ப கொஞ்சம் பொறுத்துப் பண்ணிக்கிறேன் டாக்டர்” என்று எழுந்துவிட்டேன். பஸ் ஸ்டாப் வரை என் மனைவி எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள்.

காரணம் என் தங்கை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். உசிலம்பட்டிப் பக்கம் வாக்கப்பட்டவள். பதினான்கு வருடம் குழந்தை இல்லை. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்கு முடியிறக்கிக் காது குத்துவார்கள். மாமன் வந்து உட்காராமல் ஆசாரி ஊசியைக் கையில் எடுக்க மாட்டார். ஊரார் வீட்டுக் காதுகுத்துக்கெல்லாம் போய்ப் பின்னால் நின்றுவிட்டு வந்தவள் அவள். ஒருமுறை அப்படி ஒரு விசேஷத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் இலையைப் பார்த்தபடியே சொன்னாள். “எனக்குன்னு ஒண்ணு பொறந்தா உன் மடியிலதாண்ணே வச்சுக் குத்தணும்.” நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டேன்.

பிறகு ஒரு பெண் பிறந்தது. கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயிலில், மண் தரையில் பாயை விரித்துத்தான் மாமன் உட்கார வேண்டும். சாமியே ஒரு முழ உயரப் பீடத்தில் இருக்கும்போது அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? சபையில் ஒருவன் சிரித்தாலும் அது என் தங்கையைப் பார்த்துச் சிரித்ததாகத்தான் ஆகும். ஆகவே காது குத்திவிட்டு ஆபரேஷன் என்று முடிவு செய்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள்.

சித்திரையில் குத்துவதாக இருந்தது. பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்து தீட்டானது. அப்புறம் ஆடி வந்தது. அடுத்த வருடம் கோயிலில் திருப்பணி தொடங்கிக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் தங்கை போனில் வருத்தப்படுவாள். “அதுனாலென்ன தாயி, மெதுவாப் பாத்துக்கிருவோம்” என்று நான் ஆறுதல் சொல்வேன். உண்மையைச் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகவே இருந்தது. காலை அறுக்கப்போகிறார்கள் என்று நினைத்தாலே எனக்குப் பயம். அந்தப் பயத்தை மாமன் முறை என்கிற துண்டைப் போட்டு மூடிவைத்திருந்தேன்.

இடது காலும் வலிக்கத் தொடங்கியது. முடக்கத்தான் தோசை, எண்ணெய், முழங்கால் உறை எல்லாம் பார்த்தாகிவிட்டது. காய்கறி மார்க்கெட்டை விட்டேன், கல்யாண வீட்டுப் பந்தியை விட்டேன். டாக்டர் சொன்ன கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை.

கடைசியில் ஆவணியில் நாள் குறித்தார்கள். ஒரு மாதம் முன்பிருந்தே, மனைவி குளிக்கப் போகும் நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு பாயில் சம்மணம் போட்டுப் பழகினேன். கால் மணி நேரம் தாங்கினால் போதும் என்பது என் கணக்கு. ஒரு நாள் எழுந்திருக்க முடியாமல் கட்டில் காலைப் பிடித்துத் தவழ்ந்துகொண்டிருந்தபோது அவள் வந்துவிட்டாள்.

“ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழிச்சுக் குடுத்தீக. இந்தக் காலுக்கு டாக்டர்கிட்ட ஒரு நாள் வாங்கக் கூடாதா?” என்றாள். அப்புறம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “உங்க தங்கச்சிகிட்டயாவது சொல்லித் தொலைங்க.”

சொல்லவில்லை. காதுகுத்தன்று காலை உசிலம்பட்டி பஸ்ஸில் இரண்டு வலி மாத்திரையை ஒன்றாக விழுங்கிக்கொண்டேன்.

கோயிலில் பாயை விரித்து, மாலை போட்டு, என்னை உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தும்விட்டேன். பிள்ளைக்கு மூன்று வயது, நல்ல கனம். மடியில் வைத்ததும் என் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். “மருமகளே, மாமனுக்குத் திருப்பிக் குடுப்பியா?” என்று கேட்டேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். எதிரே தங்கை நின்றாள். பட்டுச்சேலை, கண் நிறையத் தண்ணீர். இதற்காக எந்த வலியையும் தாங்கலாம் என்று அந்த நிமிடம் நினைத்தேன்.

பிள்ளை தலையை ஆட்டி ஆட்டி அழுததில் முடியிறக்கவே நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு நேரமாகிவிட்டது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. ஆசாரி சந்தனத்தால் புள்ளி வைத்து இடது காதைக் குத்தி முடித்தார். கூட்டம் குலவை போட்டது. வலது காதில் ஊசி இறங்கும்போது என் முழங்காலுக்குள் ஏதோ வெட்டி இழுத்தது. கால் தானாக உதறியது. மடி தூக்கிப்போட, பிள்ளையின் தலையும் திரும்ப, ஊசி காது மடலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. என் வேட்டியெல்லாம் ரத்தம். “பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, பதறாதீக” என்று ஆசாரி துணியை வைத்து அழுத்தினார். தங்கை பிள்ளையை வாரிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பின்னாலேயே ஓட வேண்டிய மாமன் நான் பாயிலேயே கிடந்தேன். இரண்டு பேர் கையைக் கொடுத்துத் தூக்கினார்கள். “மெல்ல எந்திரிங்கண்ணே, அவசரமில்ல” என்றான் ஒருவன். பஸ்ஸில் எத்தனை பேரை ‘சட்டுன்னு இறங்குங்க பெருசு’ என்று விரட்டியிருப்பேன்! அவமானத்தில் செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு இரண்டு தையல் போட்டிருந்தார்கள். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், என் பேனா இன்னும் கையில் இருந்தது. பெஞ்சில் தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எக்ஸ்ரே, டாக்டர், மாத்திரை, பயம், எல்லாம். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு வருசமாவா?”

“உனக்காகத்தான் தாயி. நீதானே மடியில வைக்கணும்னு ஆசப்பட்ட.”

“மடின்னுதானண்ணே சொன்னேன். தரைன்னா சொன்னேன்? நாற்காலியில உக்காந்தா மடி இல்லாமப் போயிருமா?”

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டு வருடத்துக்கு முன்பே சொல்லியிருப்பாள்.

அடுத்த வாரம் தல்லாகுளம் போனேன். இப்போது இரண்டு மூட்டையும் மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். தொடைச் சதை வற்றிப்போயிருக்கிறது, நடக்க முன்னைவிட நாளாகும், இப்படி விட்டிருக்கக் கூடாது என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இவ்வளவு நடந்த பிறகும் அப்படித்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாள். மொட்டைத் தலையில் முடி அரும்பியிருந்தது. இடது காதில் சின்னத் தங்கத் தோடு, வலது காதில் தையல் போட்ட காயம். ஒற்றைத் தோட்டைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. “வேற யாராவது மடியில வச்சு அந்தக் காதையும் குத்திரு தாயி” என்றேன்.

“இது ஆறி மறுபடி குத்த ஆறு மாசமாவது ஆகணுமாம்” என்றாள் அவள். “நீ ஆபரேஷன் பண்ணி நடந்து வா. நாற்காலிய நானே தூக்கிட்டு வந்து சாமி முன்னாடி போடுறேன். எவன் சிரிக்கிறான்னு பாப்போம். நீ வாரவரைக்கும் இவ ஒத்தத் தோட்டோடதான் இருப்பா.”

பிள்ளை என் முழங்கால் உறையைத் தட்டி, “மாமா, புண்ணா?” என்றாள். ஆமாம் என்றேன். தன் வலது காதைத் தொட்டுக் காட்டி, “எனக்கும்” என்றாள்.

பயம் போகவில்லை, இதை எழுதும்போதும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர்கள் படியிறங்கிப் போவதற்குள் டாக்டருக்குப் போன் செய்து நாள் வாங்கிவிட்டேன். வருகிற புதன்கிழமை.