காற்றைப் பார்த்துக் கத்தியவர்

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தில், அடுத்த காம்பராவில் இருந்தார் அவர். என்னைவிட இளையவர். ஒட்டிய கன்னம், அவிழ்க்காத சிவப்பு முண்டாசு, இடுப்பில் எப்போதும் ஒரு சுத்தியல்.

ஆடிக் காற்று லயத்துக் கூரைத் தகரங்களைப் பிய்த்துத் தேயிலைச் சரிவில் எறிந்துவிட்டுப் போகும். அவர் இறங்கிப் போய், ஒவ்வொன்றாகச் சுமந்துவந்து, திரும்ப ஏற்றுவார். கடைசி ஆணியை அடித்ததும் கூரைமேல் நிமிர்ந்து நின்று கத்துவார்:

"நாளைக்கும் வாடா! நானும் இங்கதான் இருப்பேன்!"

கீழே லயமே சிரிக்கும்.

தோட்டத் தொழிலாளிகளான எங்களுக்கு இந்த நாட்டில் குடியுரிமை இல்லை என்று சட்டம் சொன்ன காலம் அது. அந்த ஆடியில் என் கூரை முழுவதும் பறந்தது. அடுப்புச் சாம்பல் காம்பராவெங்கும் சுழல, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"போதும்ப்பா. நாடும் இல்ல, கூரையும் இல்ல. எதுக்கு இந்தப் பொழப்பு?"

அவர் தகரத்தின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.

"பொலம்புங்கண்ணே, வேணாங்கல. இதப் புடிச்சுக்கிட்டுப் பொலம்புங்க. எனக்கு ரெண்டு கைதானே இருக்கு."

எரிச்சலோடுதான் பிடித்தேன். ஏணியில் ஏறும்போதும் புலம்பினேன். பாதிக் கூரை முடிந்தபோது, ஆணி நேராக இறங்குகிறதா என்பது மட்டுமே என் கவலையாக இருந்தது.

கடைசி ஆணியை என் கையில் கொடுத்தார். அடித்துவிட்டு நிமிர்ந்தேன். காற்று முகத்தில் அறைந்தது. அவர் ஓரமாக நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

அன்று கத்தியது நான். கீழே ஒருவரும் சிரிக்கவில்லை.