உங்க பேரு என்னங்க?

1. விருந்தாளிக்குக் காய்ச்சல் பார்த்த கதை

தாதியாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, நோயே இல்லாத ஒரு மனிதருக்குக் காய்ச்சல் பார்த்தவள் நான். இலங்கையில், மாத்தளைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்தது. வேலை செய்த காலமெல்லாம் எல்லோருடைய பெயரையும் கேட்டேன். ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் சொல்லப்போவதில்லை.

ஆண்கள் வார்டில் முத்துசாமி என்பவருக்குக் காய்ச்சல் பார்த்து எழுதச் சொன்னார்கள். அவருடைய கட்டிலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"முத்துசாமிங்களா?" என்றேன்.

"ஆமாங்க மிஸ்ஸி" என்றார். எங்கள் பக்கத்தில் தாதிகளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்தேன். அவரும் வாயை இறுக மூடிக்கொண்டு, பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி அசையாமல் இருந்தார். அந்த நேரம் போர்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி இன்னொருவர் கழிவறைப் பக்கமிருந்து வந்தார். "மச்சான், எந்திரி. நான் படுக்கணும்" என்றார். அவர்தான் முத்துசாமி. வாயில் தெர்மாமீட்டரோடு இருந்தவர், அவரைப் பார்ப்பதற்காக யட்டவத்தைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்த மைத்துனர்.

"நான் முத்துசாமி இல்லைன்னு சொல்லியிருக்கலாமேங்க?"

"நீங்க அவ்வளவு நம்பிக்கையா கேட்டீங்க மிஸ்ஸி. இல்லைன்னு சொல்ல மனசு வரல."

முத்துசாமி படுத்துக்கொண்டே சொன்னார்: "ஊசி போட்டிருந்தாலும் வாங்கியிருப்பான் மிஸ்ஸி. அவ்வளவு நல்லவன்."

வார்டே சிரித்தது. எனக்கு அந்த ஊசிப் பேச்சுதான் தைத்தது. வெள்ளை உடுப்பைக் கண்டால் எங்கள் சனங்களுக்கு மறுத்துப் பேச வராது. காது மந்தமானவர்கள் எதைக் கேட்டாலும் தலையாட்டுவார்கள். மருந்து மயக்கத்தில் கிடப்பவர் ராசாவா என்று கேட்டால்கூட ஆமாம் என்பார். அன்றிலிருந்து நானாக யாருடைய பெயரையும் சொல்வதில்லை. "உங்க பேரு என்னங்க?" என்று கேட்பேன். அவர்கள் வாயிலிருந்து வரும்வரை மருந்துக் கிண்ணம் என் கையிலேயே இருக்கும்.

2. பேரு மிஸ்ஸி

இந்தப் பழக்கத்தால் எனக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. திரேசா என்ற என் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. வார்டில் நான் 'பேரு மிஸ்ஸி'. பக்கத்து ஊரான நாலந்தாவிலிருந்து வந்த ஒரு தாத்தா, கேட்கும்போதெல்லாம் ஒரு புதுப் பெயர் சொல்வார். "இன்னைக்கு நான் ஜனாதிபதி" என்பார். உண்மைப் பெயர் வரும்வரை மாத்திரை தரமாட்டேன். அவருக்கும் அது நல்ல பொழுதுபோக்கு.

எங்கள் டொக்டர் இன்னும் ஒருபடி மேலே போனார்.

"திரேசா, தாலி கட்டுற நேரத்துலயும் மாப்பிள்ளைக்கிட்ட பேரு கேட்டீங்களா?"

"நான் கேக்கல டொக்டர். ஆனா பாதர் கேட்டாரு. ரெண்டு பேரும் முழுப் பேரு சொன்ன பிறகுதான் விட்டாரு."

டொக்டர் சிரித்துவிட்டுப் போனார். அவர் கெட்டிக்காரர், நல்லவர். நின்று கேட்க அவருக்கு நேரம்தான் இல்லை.

3. கட்டில் மாறிய மத்தியானம்

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு இது நடந்தது. பெண்கள் வார்டில் ராமாயி என்ற தேயிலைத் தோட்டத் தொழிலாளி இருந்தார். ஒப்பரேஷனுக்குப் பிறகு இரத்தம் நிறையப் போய், ஆள் வெளுத்துக் கிடந்தார். உடனே இரத்தம் ஏற்ற வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பக்கத்துக் கட்டிலில் அலுவிகாரையைச் சேர்ந்த பௌசியா உம்மா. சீனி வியாதியால் காலில் ஆறாத புண்.

அன்று நான் மத்தியான டியூட்டி. சில நாள் லீவு முடிந்து வந்ததால் இரண்டு பேரையும் எனக்குத் தெரியாது. காலையில் இருந்த தாதிகள் போய்விட்டார்கள். எனக்குத் துணைக்கு வேறு வார்டிலிருந்து நில்மினி என்ற சிங்களப் பிள்ளையை அனுப்பியிருந்தார்கள். நல்ல தமிழ் பேசுவாள்.

இரத்தப் பை வந்தது. டொக்டரும் வந்தார். நில்மினி பையில் இருந்ததை வாசித்தாள். நான் ராமாயியின் டிக்கெட்டோடு, அதாவது கட்டிலில் தொங்கும் நோயாளிக் குறிப்போடு, சரி பார்த்தேன். பெயர், இலக்கம், இரத்த வகை எல்லாம் பொருந்தின. ராமாயியின் கை வீங்கியிருந்ததால், பெயர் எழுதிய பட்டையை யாரோ கழற்றிக் கட்டில் கம்பியில் கட்டியிருந்தார்கள். அதுவும் சரி. கட்டிலில் இருந்தவர் தலையோடு போர்த்திக்கொண்டு கண்ணயர்ந்திருந்தார். ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது. அதில் ஊசிக் குழாயும் தயாராக இருந்தது.

நான் குனிந்து, "அம்மா, உங்க பேரு என்னங்க?" என்றேன்.

"அனே அக்கா" என்று சிங்களத்தில் சலித்துக்கொண்டாள் நில்மினி, "எல்லாம் இப்பதானே பாத்தோம்!"

டொக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "திரேசா, அந்த அம்மாவுக்கு இப்ப பேரைவிட இரத்தம்தான் அவசரம்."

நான் தோளைத் தொட்டு மறுபடியும் கேட்டேன். போர்வைக்குள்ளிருந்து எரிச்சலோடு குரல் வந்தது: "என்ன மகள், கண் மூட விட மாட்டீங்களா? பௌசியா. எங்க வாப்பா வச்ச பேரு பௌசியா. போதுமா?"

டொக்டர் பையைப் பிடித்த கையைக் கீழே இறக்கினார். ஒருவருக்கு ஏற்ற வேண்டிய வேறு வகை இரத்தம் இன்னொருவர் உடம்புக்குள் போனால் உயிரே போகலாம். அது அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும். நில்மினி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப இந்தக் கட்டில்ல இருந்தவங்க எங்க?" என்று டொக்டர் மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் புள்ளைக்கு ஃபேன் காத்து பட்டு ஒரே குளிரு. எனக்கு வேர்க்குது. அதான் அவ கையைப் புடிச்சு மெதுவா மாறிக்கிட்டோம்" என்றார் பௌசியா உம்மா. "ஏன், குத்தமா?"

குற்றமில்லை, நல்ல மனதுதான். ஆனால் இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் இரக்கப்பட்டுக் கட்டில் மாறியபோது, பெயர்ப் பட்டையும் டிக்கெட்டும் பழைய கட்டிலிலேயே நின்றுவிட்டன.

பக்கத்துக் கட்டிலுக்குப் போனேன். "உங்க பேரு என்னங்க?" உதடு மட்டும் அசைந்தது. காதை வாய்க்கருகில் கொண்டுபோனேன். "ராமாயிங்க." பட்டையை எடுத்து வந்து கையில் தளர்வாகக் கட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சரி பார்த்தோம். பிறகுதான் இரத்தம் ஏறியது. சாயங்காலம் ராமாயி கண் திறந்து, குடிக்கக் கஞ்சி கேட்டார்.

நடக்கவிருந்ததை டொக்டரே பௌசியா உம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னார். அந்த அம்மா அழுதார், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பின் அவரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. கேட்கிறார்களோ இல்லையோ, கிட்டே வருகிற எல்லோருக்கும் பெயர் சொல்லத் தொடங்கிவிட்டார். தேத்தண்ணி கொண்டுவருபவரிடமும், "பௌசியா. சீனி போடாதீங்க."

டொக்டரும் மாறினார். வார்டுக்குள் வந்ததும் முதலில் பெயரைத்தான் கேட்பார். "பேரு மிஸ்ஸிக்கிட்ட சொல்லிட்டேனே டொக்டர்" என்று நோயாளிகள் சலித்துக்கொள்வார்கள். "எனக்கும் ஒருக்கா சொல்லுங்களேன்" என்பார்.

4. வீட்டுக்குப் போன நாள்

ராமாயி குணமாகி, வீட்டுக்குப் போகும் நாள் வந்தது. புருஷன் பையோடு வாசலில் நின்றார். கொடுத்தனுப்ப வேண்டிய மருந்தோடு போய் வழக்கம்போலக் கேட்டேன். அத்தனை நாள் கேட்டும் சலிக்காதவர், அன்று சொல்லாமல் சிரித்தார்.

"கோவமா?" என்றேன்.

"இல்லீங்க மிஸ்ஸி. மூத்தவன் பொறந்த நாள்லேருந்து நான் அவன் பேரைச் சொல்லி ரவி அம்மா. மலையில வேலை வாங்குற கங்காணிக்கு நான் ஒரு ஆள். இவரு 'ஏய்'ன்னு கூப்பிடுவாரு. எம்பேரை ஒருத்தரும் கேட்டதில்ல. இங்கதான் தினம் கேட்டீங்க. நாளைக்கு யாரு கேப்பாங்க?"

வாசலில் நின்ற மனுஷன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

மருந்து ஆள் மாறிப் போகக்கூடாது என்பதற்காகத்தான் நான் கேட்டுவந்தேன். அந்தக் கேள்வி ஒரு மனுஷிக்கு வேறு எதையோ கொடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: பெயரைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நில்லுங்கள். அந்தச் சிறு நேரத்தில் என்னென்ன நடக்கிறது என்பது நமக்கு முழுதாகத் தெரியப்போவதில்லை.

"சரி, இப்ப சொல்லுங்க" என்றேன்.

"ராமாயி" என்றார், வார்டு முழுக்கக் கேட்கும்படி.