மருந்துக்குச் சாகாத செடி

சுங்கை பாக்காப் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் பெண்களுக்கு இலை அச்சு சொல்லிக்கொடுத்தேன். இரும்புத் துரு ஊறிய தண்ணீரில் நனைத்த துணியில் இலைகளைப் பரப்பி, இறுக்கிச் சுருட்டிக் கட்டி, பழைய இட்லிப் பானையில் ஆவி காட்ட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. நல்ல இலையாகப் பார்த்துக் கொண்டுவரச் சொன்னேன். எல்லோரும் தேக்கும் கொய்யாவும் கொண்டுவந்தார்கள். ஓர் அக்கா மட்டும் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துப் பெரணியை அள்ளிக்கொண்டு வந்தார்.

இது களையாயிற்றே என்று வாயை விட்டேன்.

“இருவது வருஷமா பம்ப முதுகுல சுமந்து இதுக்குத்தான் மருந்தடிச்சேன் டீச்சர். எனக்கே தண்ணி காட்டுன செடி இது ஒண்ணுதான்.”

அவருடைய நகங்கள் கறுத்துச் சுருங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். நல்ல இலையாம்! என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆவி காட்டி இறக்கிச் சுருட்டைப் பிரித்தபோது வெள்ளைத் துணியில் பெரணி கருகருவென்று விழுந்திருந்தது. தேக்கெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஜார்ஜ்டவுன் துணிக்கடை ஒன்று எங்கள் துணிகளைக் கண்ணாடி ஜன்னலில் தொங்கவிட ஒப்புக்கொண்டது. தன் துணி அங்கே தொங்குவதை மகள் பார்க்க வேண்டும், அக்காவுக்கு அது ஒன்றே ஆசை. ஜுருவில் ஃபேக்டரி வேலை பார்க்கும் மகளும் லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தாள்.

கடைக்கார அம்மா எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் பெரணித் துணியை மட்டும் மடித்து என் கையில் கொடுத்தார். அந்தத் துணியின் கதையாக நான் எழுதிக் கோத்திருந்த அட்டையில் களைமருந்து, பம்ப் என்றெல்லாம் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. டூரிஸ்டுகளுக்கு அழகான கதைதான் வேண்டுமாம். தேக்கு இலை போட்டு வேறொன்று செய்து வரச் சொன்னார்.

எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. அக்காவோ, மற்றவர்கள் துணியாவது இருக்கட்டும் என்று என் கையைப் பிடித்தார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“அக்கா துணி இல்லாத எடத்துல எங்க துணியும் வேணாம் லா,” என்றேன்.

மற்றவர்கள் சார்பில் பேச எனக்கு என்ன உரிமை என்று பயந்து திரும்பினால், மற்ற ஆறு பேரும் ஏற்கெனவே கொக்கிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும் மகள் பெரணித் துணியை என்னிடமிருந்து வாங்கி உதறி, அம்மாவின் தோளில் போட்டாள்.

“நடம்மா. கண்ணாடிக்குள்ள எதுக்கு, ரோட்டுலயே பாக்கட்டும்.”

பஸ் இருந்தும் ஃபெர்ரி ஏறும் துறை வரை நடந்தே போனோம். அக்காவை முன்னால் விட்டுவிட்டு நாங்கள் பின்னால் நடந்தோம்.