அம்மாவைத் திட்டிய ஒரு மாதம்

பெற்றவளைத் திட்டினால் வாயில் சூடு விழும் என்று பயமுறுத்தப்பட்ட வயதில், தினமும் அரை மணி நேரம் அம்மாவைத் திட்டுகிற வேலை எனக்கும் தம்பிக்கும் கிடைத்தது. வேலை கொடுத்தவள் அம்மாவேதான்.

அம்மா போலீஸ்காரி. ஆவடியில் வாடகை வீட்டில் இருந்தோம். யூனிஃபார்ம் மாட்டினால் எங்களுக்கே நடுக்கம் எடுக்கும். ஆனால் அவளுக்குக் கிடைத்ததென்னவோ ஆபீசில் தபால் பிரிக்கிற வேலை. வருஷத்துக்கு ஒரு முறை எல்லோரும் கடமைக்குச் சுட்டுவிட்டு வரும் பயிற்சியில் அவளும் சுடுவாள், அதோடு சரி. முந்தின வருஷம் துணிந்து துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பெயர் கொடுத்துக் கடைசியாக வந்தாள். இந்த முறை முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் சுடும் அணியில் சேர்த்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் மறுபடியும் தபால்தான்.

"யாரும் பாக்காதப்ப சுட்டா குறி தப்பல. பின்னாடி நாலு பேர் நின்னுகினு இருந்தா கை ஆடுது. போட்டிக்குப் போனதாலதான் அதுவே தெரிஞ்சுது. அத்த ஊட்லயே சரி பண்ணிக்கணும்" என்றாள்.

வீட்டில் துப்பாக்கிக்கு எங்கே போவது? மாப் கட்டைதான். எதிரே பீரோ கண்ணாடியில் அவளுடைய ஸ்டிக்கர் பொட்டு ஒன்று. கட்டையின் நுனியில் ஒரு ரூபாய் நாணயம். தரையில் குப்புறப் படுத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, இல்லாத விசையை இழுக்கும்போது நாணயம் விழக்கூடாது. விழ வைப்பது எங்கள் பொறுப்பு. திட்ட வேண்டிய வசனங்களையும் அவளே சொல்லிக் கொடுத்தாள்.

"பொம்பளைக்கு இன்னாத்துக்குத் துப்பாக்கி, போய் சப்பாத்தி தேய்க்கச் சொல்லு."

"சத்தம் கேட்டா மயக்கம் போட்டுரும், சோடா ரெடியா வெச்சுக்கபா."

அம்மாவுக்கு இவ்வளவு கற்பனையா என்று அசந்துபோனேன். தம்பிக்குச் சோடா வசனம்தான் பிடித்தம், இழுத்து இழுத்துச் சொல்வான். மண்ணூர்பேட்டையில் லேத் ஓட்டிவிட்டு வரும் அப்பாவையும் சேர்த்துக்கொண்டோம். அவர் ஒரு வசனத்தைப் பாதி சொல்லி நிறுத்திவிட்டு, டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டார். அவருக்கு நடிப்பு வராது என்று நாங்கள் முடிவு கட்டினோம்.

முதல் வாரம் நாணயம் டங்கு டங்கென்று விழுந்துகொண்டே இருந்தது. நாலாவது வாரம் எங்களுக்குத்தான் தொண்டை கட்டியது. நாணயம் அசையவில்லை.

போட்டிக்குக் குடும்பத்தோடு வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். கயிறு கட்டிய எல்லைக்குப் பின்னால் நின்றோம். அங்கே வாயைத் திறக்கக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. அவள் துப்பாக்கியோடு படுத்ததும், எங்கள் முன்னால் நின்ற மீசைக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் அவளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"சத்தம் கேட்டா மயக்கம் போட்டுரும். சோடா ரெடியா வெச்சுக்கபா."

தம்பி என் கையைக் கிள்ளினான். "அக்கா, இது நம்ம டயலாக்கு."

அம்மாவின் முதுகு இம்மியும் நகரவில்லை. ஒவ்வொரு வெடியாகக் கேட்டது. கடைசியில் அட்டையைக் கொண்டுவந்து காட்டினார்கள். அத்தனை ஓட்டையும் நடுவட்டத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன, என் உள்ளங்கையால் மூடிவிடலாம். முதல் இடம் அம்மாவுக்கு. அப்பா விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். அவருக்கு அது தெரியும் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் குதித்த குதியில் ஒரு செருப்பு எங்கேயோ போனது.

ஒற்றைச் செருப்போடு நேராக மீசைக்காரரிடம் போய் நின்றேன். "எங்க அம்மா எழுதுன டயலாக்க நீங்க எப்டி சொல்லலாம்?"

அவர் என்னைப் பார்த்தார், கோப்பையோடு வந்த அம்மாவைப் பார்த்தார், பிறகு தன் பூட்ஸைப் பார்த்தார். அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். துப்பாக்கியில் ஆடாத கை, அந்தச் சிரிப்பில் கோப்பையோடு சேர்ந்து ஆடியது. திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பெருமையில் நானும் சிரித்தேன். அந்த வசனங்களில் ஒன்றைக்கூட அம்மா எழுதவில்லை என்பது எனக்குப் புரிய இன்னும் பல வருஷங்கள் பாக்கி இருந்தன.