பாதரசத்துக்கு மட்டும் குளிர்

சித்திரை வெயிலில், நட்டநடுப் பகலில், கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு நடுங்குகிற மனிசனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ராயபுரத்துக்கு வாருங்கள், தினமும் பார்க்கலாம். அது நான்தான். பருத்தித்துறையில் இருந்தவரைக்கும் மார்கழிப் பனிக்குக்கூட ஒரு சால்வைக்கு மேல் போர்த்தியறியேன். கடல் தாண்டி, இந்தச் சென்னைப்பட்டணத்து வெக்கைக்குள் வந்துதான் கம்பளி வாங்கினேன்.

ஊரில் என் உத்தியோகத்தைப் பற்றிப் பெரிதாகக் கதைக்கிறார்கள் என்று கேள்வி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: செத்த ஆட்டுக்குக் காய்ச்சல் பார்க்கிற வேலை. கப்பலில் வருகிற உறைந்த ஆட்டிறைச்சியைத் குளிர் வெளியே போகாமல் சுவரில் தக்கை அடைத்த ரயில் வேகனில் ஏற்றி, துறைமுகத்திலிருந்து குளிர்கிடங்குக்குக் கொண்டுபோவார்கள். வேகனின் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு துவாரம். அதற்குள் தெர்மாமீட்டர் கயிற்றில் தொங்கும். அரை மணிக்கொருதரம் இழுத்துப் பார்த்து நான் தாளில் எழுத வேண்டும். பிறகு கிடங்கின் குளிருக்குள் சரக்கை அடுக்கி முடியும்வரை நானும் உள்ளே நிற்க வேண்டும், கம்பளி அதற்குத்தான். நம் ஊரில் காலையில் ஆடு வெட்டிப் பங்கு போட்டால் மத்தியானம் எலும்புகூட மிஞ்சாது. இங்கே ஆடு செத்து எத்தனை மாசமோ, அதன் உடம்புச் சூட்டைத் துரைமாருக்கு எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது!

போன மாசம் ஒரு வேகன் வெயிலில் நின்று பாதரசம் ஏறிவிட்டது. கிடங்குத் துரை என்னைக் கூப்பிட்டு, இன்னொருதரம் ஏறினால் வீட்டுக்குப் போகலாம் என்றார். ஏறாவிட்டால் மாச முடிவில் வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் மனைவி செல்லம்மாவையும் மகளையும் கூப்பிடலாம். அவர்களைப் பார்த்து ஒன்றரை வருஷமாகிறது. சுமை தூக்குகிறவர்களின் மேஸ்திரி துரைக்கண்ணுவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன்.

"இன்னா நைனா, இதுக்குப் போயி பேஜாராவுறே! அந்தக் கண்ணாடி ஏறாம பாத்துக்கினா போதுமா?" என்றான்.

"போதுமப்பா. அது ஏறாட்டில் நான் தப்பினன்," என்றேன். என் வாயை நான் என்ன செய்ய!

அடுத்த சரக்குக்கு இஞ்சின் வரவில்லை. மூன்று மணி நேரம் வேகன் வெயிலில் கிடந்தது. நான் அரை மணிக்கொருதரம் கயிற்றை இழுத்தேன். பாதரசம் அசையவில்லை. ஆறு தரமும் அழகான இலக்கம். இடையில் தேத்தண்ணிகூடக் குடித்தேன். கடைசியில் வேகன் கிடங்குக்கு வந்து நின்றபோதுதான் கதவடியில் சிவப்பாகச் சொட்டுவதைக் கண்டேன்.

கதவைத் திறந்தால், துவாரத்துக்கு நேர் கீழே ஒரு கோணிப்பை. பை நிறைய மீன்காரர்களின் ஐஸ், உப்புப் போட்டு, வாய் திறந்தபடி. கயிற்றை இறக்கினால் தெர்மாமீட்டர் நேரே அதற்குள் போய்க் குந்தியிருக்கும்.

"அட பாவி! என்ன வேலை செய்து வைச்சிருக்கிறாய்?" என்று பக்கத்தில் நின்ற துரைக்கண்ணுவைப் பிடித்தேன்.

"நீதான சொன்னே, அது ஏறக்கூடாதுன்னு! உப்பு போட்டா ஐஸு இன்னும் ஜில்லுன்னு நிக்கும் நைனா, மீன்காரனுக்குத் தெரியாதா? உன் பொஞ்சாதி வர்ணும்ல." முகமெல்லாம் சிரிப்பு. அவனை அடிப்பதா, கும்பிடுவதா?

துரை தாளைத்தான் பார்த்தார். இறைச்சியை அவர் தொடுவதே இல்லை. "வெரி குட்!" என்றார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீசில், தாள் சரி, ஆடு பிழை என்றேன். கணக்கில் பிழையாக்கும் என்று நினைத்து, ஆறு இலக்கத்தையும் திரும்பப் பார்த்துவிட்டு மறுபடி "வெரி குட்!" என்றார். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சரக்கு ஆஸ்பத்திரிக்குப் போவது. ஒரு தொடையைத் தூக்கி அவர் கையில் வைத்தேன். விரல் உள்ளே புதைந்தது. பிறகு அவர் சொன்னதில் "குட்" வரவேயில்லை.

துரைக்கண்ணு பெயரை நான் எடுக்கவில்லை. தெர்மாமீட்டரை நானே பிழையாகத் தொங்கவிட்டேன் என்றேன். இறைச்சி கெட்டதை நானே சொன்னதற்காக வேலை தங்கியது. பிழையாக எழுதியதற்காக நிரந்தரம் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. அன்றைக்கு அழுதேன், அதில் என்ன வெட்கம்!

இன்னும் ஒரு வருஷம் பொறு என்று எழுதியதற்குச் செல்லம்மாவின் பதில் வந்திருக்கிறது. நல்ல செய்தி வரும் என்று நம்பிக் கோழிகளை அயலுக்குக் கொடுத்துவிட்டாளாம். பெட்டி கட்டியபடி கிடக்கிறதாம். 'இனி அவிழ்க்க மனமில்லை, இருக்கட்டும்' என்று எழுதியிருக்கிறாள். இங்கே, அவர்களுக்கென்று துரைக்கண்ணு பார்த்துவைத்த அறையில் நான் தனியாகக் குடியிருக்கிறேன். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும், அவன் மனைவி தினமும் விடியற்காலையில் வந்து வாசலில் கோலம் போடுகிறாள். "பொம்பள வர்ற வூடு, வெறுமனே கெடக்கலாமா?" என்கிறாள். அதை மிதிக்க மனம் வராமல் தாண்டித் தாண்டித்தான் நான் வேலைக்குப் போய்வருகிறேன்.